வெறும் மூசையில் இரும்பு

எதுவும் இடாத ஒரு மூசை
எல்லாவற்றோடும் உலைக்குள் போகும்.
ஐந்நூற்றைம்பது டிகிரி, இரவு முழுக்க.
மாவுக்கு ஊற்றிய அமிலம்தான் அதற்கும்,
அதே வடிதாள், அதே குடுவை, அதே கை.
கடைசியில் கருவி முன் நின்று
'என்னிடம் ஒன்றுமில்லை' என்று
அது சொல்ல வேண்டும்.
அது ஒன்றுதான் அதன் வேலை.

வியாழக்கிழமை அது சொல்லவில்லை.

குறிஞ்சிப்பாடி, புவனகிரி, நெல்லிக்குப்பம்
மூன்று மில்லிலிருந்து சத்துமாவு,
பால்வாடி டெண்டருக்கு.
முப்பத்தாறு பொட்டலத்திலும் இரும்பு ஏராளம்.
'பரவாயில்லையே' என்றார் தில்லைநாயகம் சார்
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.
பிள்ளைகள் தின்கிற மாவில் இரும்பிருந்தால்
யாருக்குத்தான் கசக்கும்?

வெறும் மூசையிலும் இரும்பு இருந்தது.

கழித்துவிடலாம் என்றார். கழிப்பது வழக்கம்தான்.
ஆனால் மூன்று வெறும் மூசைக்கு மூன்று எண்,
எதைக் கழிக்க?
தன் எண்ணைச் சீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்த
விலையுயர்ந்த ஒப்புமாவும்
அன்று ஒன்றரை மடங்கு பேசியது.
சுவரில் இருக்கும் வரைபடத்தில்
மேல்கோட்டுக்கும் மேலே புள்ளி.
வைக்க இடமில்லாமல்
தாள் ஒட்டி நீட்டினேன்.

அமிலம் மாற்றினோம். தண்ணீர் மாற்றினோம்.
ரஹ்மத்நிஷா மூசைகளை மூன்று முறை ஊறவைத்தாள்.
புள்ளி இறங்கவில்லை.

சனிக்கிழமை பெருக்க வந்த செங்கேணி
ஜன்னலோரம் நின்று விரலைக் காட்டினாள்:
'தெனமும் தொடைக்கிறேன்,
தெனமும் இந்தச் செவப்புத் தூளு.'

முதுநகர்க் காற்று.
துறைமுகத்தில் படகின் ஆணியைத் தின்கிறது,
எங்கள் ஜன்னல் கம்பிவலையையும் தின்றிருக்கிறது.
அதன் கீழேதான் ஆறவைத்த மூசைகள்
வாய் திறந்து, வரிசையாக.

ஜன்னலை அடைத்து, மூடி போட்டு,
முதலிலிருந்து.
புதன் மாலை வெறும் மூசை ஒன்றுமில்லை என்றது.
மூன்றும் என்றன. நம்பினேன்.
ஒப்புமாவு தன் எண்ணுக்குத் திரும்பியது.
பொட்டலங்களில்
பையில் அச்சிட்டதில் பாதிகூட இல்லை.

பழைய எண்களின் குறுக்கே ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. சுருக்கொப்பம், தேதி.
அழித்தெழுதக் கூடாது.
'நல்ல சேதியைக் கெடுத்திட்டியேம்மா' என்றார் சார்.
'அது ஜன்னலோட சேதி சார்.'
நிதானமாகத்தான் கையெழுத்திட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் போகும் பஸ்ஸில்
முன்சீட்டுக் குழந்தை
ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தது.
அம்மா கையைத் தட்டிவிடுகிறாள்,
அது மறுபடியும் நாக்கை நீட்டுகிறது.