முந்நூறு மூடு

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது
பழைய போனை என்னிடம் விட்டுப் போனான்.
திரையில் ஒரு கீறல்,
அதற்குள் அவன் அழிக்க மறந்த ஒரு விளையாட்டு.

ராத்திரி ஒன்றரை மணி.
பால்வெட்டுக்கு இறங்க இன்னும் நேரம் கிடந்தது.
தானே ஒரு பெட்டி திறந்து கேட்டது:
வாறியா மக்கா?

யாரென்று தெரியாது.
யாரும் என்னை அந்த நேரத்தில் கூப்பிட்டதும் கிடையாது.
அமுக்கினேன்.
ஆகாயத்திலிருந்து விழுந்தேன்,
விழுந்த இடத்திலேயே சுடுபட்டேன்.

"பிளாக்டெவிலு, ஒனக்கு என்னல ஆச்சு?"
"பிளாக்டெவில் பெங்களூர் போயாச்சு.
நான் அவனுக்க அம்மையாக்கும்."

மூன்று மைக்கும் ஒன்றாய் அணைந்தன.
பிறகு ஒன்று மட்டும் கரகரத்தது:
"எக்கா, அனங்காம கிடங்க.
நான் வந்து எழுப்புதேன்."

அது வள்ளவிளை வினிஸ்டன், ஆழ்கடல் போட்டுக்காரன்.
மாகீன் சார்ஜாவில் ரொட்டி சுடுகிறவன்.
கவியரசன் நாமக்கல்லில்
கோழிப்பண்ணைக்கு ராக்காவல்.

மூன்று மணியானால் நான் சொல்வேன்,
"போறேன், பால் வெட்டணும்."
"பால எப்படீங்க்கா வெட்டுவீங்க?
எத்தனை வெச்சிருக்கீங்க?"
"முந்நூறு மூடு."
"முந்நூறு மாடுங்களா!"

ஆறு மாதம்
அவன் என்னைப் பண்ணையார் என்று நினைத்து
மரியாதையாய்த் துப்பாக்கி எடுத்துக் கொடுத்தான்.
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒருநாள் படம் எடுத்து அனுப்பினேன்:
கோடு போட்ட பட்டை, சிரட்டை, வெள்ளைச் சொட்டு.
"இந்த மாடு நல்லா நிக்குதுங்க்கா,
உதைக்காதுங்களா?" என்றான்.

குலசேகரத்தில் மழை என்றால் பட்டை நனையும்,
வெட்டு கிடையாது.
"மழையா எக்கா?" மாகீன் துள்ளிக் கேட்பான்.
கூலி ஞாபகம் வந்து
மெல்ல, "சாரி" என்பான்.
ரெண்டும் உண்மைதான்.

கரை மறைந்தால் டவரும் மறையும்.
வினிஸ்டன் பெயருக்குப் பக்கத்தில்
பச்சைப் புள்ளி சாம்பலாகும்.
முப்பது நாள். சிலசமயம் நாற்பது.
நாலாவது இடத்துக்கு ஆள் தருகிறேன் என்று
விளையாட்டு ஒவ்வொரு தடவையும் கேட்கும்.
வேண்டாம்.
மூன்று பேராய்ப் போய் நாலு பேரிடம் தோற்று வருவோம்.
கடலே இல்லாத ஊரிலிருந்து கவியரசன்
கடல்காற்றின் வேகம் சொல்வான்,
யாரும் கேட்காமலே.

போன மாசி,
புள்ளி பச்சையானது ஒரு மத்தியானத்தில்.
"எக்கா, தேங்காய்ப்பட்டணத்துல கரை புடிச்சாச்சு.
ஒருக்கா வாருங்க, சூரை தாறேன்."

ரெண்டு பஸ் மாறிப் போனேன்.
சிவப்புத் தொப்பி போட்டு
ஜன்னல் வழியே குதிக்கிற பையனைத் தேடினேன்.
நின்றது நரைத்த மீசை,
குரலைவிடக் குட்டையாய்.
அவன் யாரைத் தேடினானோ.

"பஸ் கெடச்சுதா?"
"கெடச்சு."
"சாயா?"
"குடிச்சாச்சு."

அதோடு தீர்ந்தது பேச்சு.
சாக்கில் சூரை, ஐஸ் உருகிச் சொட்டியது.
எத்தனையோ தடவை எனக்கு உயிர் தந்தவன்
என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
நான் அலைதடுப்பின் நாலுகால் கல்லை எண்ணினேன்,
பதினேழு வரை.

அவன்தான் முதலில் போனை எடுத்தான்.
கல்லில் உட்கார்ந்தோம்,
அவன் கடலைப் பார்த்து, நான் ஊரைப் பார்த்து.
ஹெட்போனை மாட்டினேன்.
"ஏனுங்க்கா, மீன் கொடுத்தாருங்களா?"
நாமக்கல் வந்தது. சார்ஜாவும் வந்தது, கொட்டாவியோடு.
நாலு இடமும் நிரம்பி விழுந்தோம்.

"எக்கா, பொறத்தால ஒருத்தன் நிக்கான்!"

ரெண்டு தடவை கேட்டது.
ஒன்று பக்கத்திலிருந்து, உப்புக்காற்றோடு.
மற்றது காதுக்குள்,
அரைநொடி பிந்தி.

பிந்தி வந்த குரலுக்குத்தான் திரும்பினேன்.
அதைத்தான் எனக்குத் தெரியும்.