எழுபத்தாறு நாள்

பகலில் நான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக் கணக்கன்.
எத்தனை பார், எத்தனை டன், எந்தப் படகுக்குக் கடன்.
வஞ்சிரமும் சங்கராவும் பெட்டி பெட்டியாய்
எதிரே செத்துக் கிடக்கும்;
ஒன்றின் முகத்தையும் பார்த்ததில்லை.

இரவில், மூன்றாம் மாடியில்,
செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
ஒரே ஒரு மீனின் மேல்
வெள்ளைப் புள்ளிகளை எண்ணுகிறேன்.
வாலில் பதினொன்று. கண்ணுக்குக் கீழே நாலு.
ரவை தூவியது போல.

கொளத்தூரில் வாங்கிய நீல டாங்.
கடைக்காரன் பையை வெளிச்சத்தில் உயர்த்தி
"சூப்பரா துன்னுது சார்" என்றான்.
ஒரு மாதம் தனியாக வை என்று அவன் சொல்லவில்லை.
எனக்குத் தெரியாததும் இல்லை.
அன்று சம்பள நாள். அவ்வளவுதான்.

முதலில் பாறையில் உரசியது,
வேர்க்குரு வந்தவன் சுவரில் முதுகு தேய்ப்பதுபோல.
பிறகு பம்ப்பின் வாயருகே நின்று மூச்சு வாங்கியது.
புதன்கிழமை காலை ஒரு புள்ளிகூட இல்லை.
தெரசாளை எழுப்பிக் காட்டினேன்:
"பாரு, நல்லாயிடுச்சு."

நல்லாகவில்லை.
உதிர்ந்தவை மணலுக்குள் கூடு கட்டிக்கொண்டு
ஒன்று நூறாகப் பிளந்துகொண்டிருந்தன.
போய்விட்டதுபோல் இருக்கும்போதுதான்
குடும்பம் பெருக்குகிற நோய் இது.
அடுத்த புதனுக்குள் கோமாளி மீன் இரண்டுக்கும் வந்துவிட்டது.

கடல் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.
அதன்மேல் டீசல் மினுக்கும்.
அதனால் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்று
பாக்கெட் உப்பை பக்கெட்டில் கரைத்து
நான் ஒரு கடல் செய்கிறேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
டாங் என்னை நினைத்ததா, தெரியாது.

செம்பு மருந்து பெரிய தொட்டிக்கு ஆகாது.
இறால் செத்துவிடும், பவளம் கரைந்துவிடும்.
மூன்று மீனையும் வலையில் ஏந்தி
வெறும் கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.
மணல் இல்லை, பாறை இல்லை,
ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ.
சொட்டு கூடினால் மீன் போகும்,
குறைந்தால் நோய் போகாது.
ஐஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்
தேதி, செம்பு, உப்பு, தின்றது, தின்னவில்லை.

எதிர்வீட்டு டெல்பினக்கா கூடையோடு எட்டிப் பார்த்தாள்.
"மீனுக்கு மருந்தா? நாங்க மொளகாத்தூள்லதான் குடுப்போம்."
சிரித்தவள் போகவில்லை.
கூடையை வாசலில் வைத்துவிட்டு
தொட்டிக்கு முன்னால் குந்தினாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஏம்ப்பா, இது நம்மளத்தான் பாக்குதா?"

எட்டாம் இரவு கரண்ட் போனது.
பேட்டரி பம்ப் ஒரு மணி நேரம் உழைத்து நின்றது.
டம்ளரால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன், டீ ஆற்றுவதுபோல.
கை மரத்தது.
"ஒழிஞ்சா தேவலாம்" என்று பத்து நாளாகச் சொன்ன தெரசாள்
ஒன்றும் பேசாமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.
நாலரைக்கு விளக்கு வந்தபோது
இருவர் சட்டையிலும் உப்புக் கறை.

டாங் பிழைக்கவில்லை.
கடலில் விடலாம் என்று தெருமுனைவரை போனேன்.
நோயோடு ஒருவனை ஊருக்கு அனுப்புவதா?
திரும்பி வந்து செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன்.
"எவ்ளோ பெருசு?" என்றாள் டெல்பினக்கா.
உள்ளங்கையைக் காட்டினேன்.
குழம்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

கோமாளிகள் தின்கின்றன.
பெரிய தொட்டியில் மீன் இல்லாமல் எழுபத்தாறு நாள் ஓட வேண்டும்;
ஒட்டிக்கொள்ள உடம்பு கிடைக்காமல்
நோய் பட்டினியில் சாக வேண்டும்.
இன்று நாற்பத்தொன்று.
மாலை ஆறுக்கு விளக்கு தானாக எரிகிறது.
சுத்தம் செய்கிற இறால் தன் பாறைக்கு வந்து
வெள்ளை மீசையை ஆட்டி
வராத வாடிக்கைக்காரனைக் கூப்பிடுகிறது.

கம்பெனியில் முதலாளி நோட்டை நீட்டிக் கேட்டார்:
"பன்னெண்டாந்தேதி பாக்கி வரியில
ரெண்டும் தின்றதுன்னு எழுதியிருக்கே,
எந்தப் படகுய்யா அது?"