சேதத்தின் காரணம்

இருபத்து நான்கு கைக்கணினிகள் வந்திறங்கிய அன்று
நாரின் நகரில் முழங்கால்வரை பனி.
தலைமையாசிரியர் ஒரோஸ்பெக் பேரேட்டை நீட்டினார்:
"ஒன்று உடைந்தாலும் உங்கள் சம்பளத்தில்."
கையெழுத்திட்டேன்.
இரும்பு அலமாரியில்
அமிலக் குப்பிகளுக்கு மேல்தட்டில் அடுக்கி
சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டேன்.

இரண்டு குளிர்காலம்.
வெள்ளிதோறும் திறந்து எண்ணுவேன்.
தூசி தட்டி மூடுவேன்.
பிள்ளைகள் கதவோரம் நின்று
என்னோடு சேர்ந்து எண்ணுவார்கள்,
உதடு மட்டும் அசைய.

பாடத்தில் நான் குறை வைக்கவில்லை.
மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை
மூன்றையும் ஒரு முக்கோணத்தில் அடைத்து
ஒன்றை விரலால் மறை, மற்றது கிடைக்கும் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
மின்சாரம் போன நாளிலும் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் மாவட்டத்திலிருந்து கடிதம்:
பார்வையிட வருகிறார்கள்.
ஒன்றுகூட உயிர்க்கவில்லை.
பதினொன்று வயிறு ஊதிக் கிடந்தன,
முதுகுமூடி பிளந்து.

சந்தையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும்
செருப்புக் கடைக்கும் நடுவே
ஒரு பழைய கன்டெய்னர். உள்ளே எசென்.
ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை
நான் தோல்வி போட்டவன்.
என்னைக் கண்டதும் கால் தானாக எழுந்தது;
பிறகு அவனாக உட்கார்ந்துகொண்டான்.

"யாரிடம் கற்றாய்?"
திரையைத் திருப்பிக் காட்டினான்.
எந்த நாடோ, என்ன மொழியோ.
முகம் இல்லை. இரண்டு கைகள்.
இடது கட்டைவிரலில் பழைய தீத்தழும்பு.
"ஒரு சொல்கூடப் புரியாது, ஆசிரியை. ஆனால்
இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்.
அப்படியென்றால் இங்கே கவனம்."

நானூறு முறையாவது பார்த்திருப்பானாம்.
என் வகுப்பில் ஒரு முறைதான் சொல்வேன்.
திருப்பிக் கேட்டால் நிற்கவைப்பேன்.

மல்டிமீட்டரின் சிவப்பு முனையை என்னிடம் தந்தான்.
பத்தொன்பது ஆண்டாக மின்தடை நடத்துகிறேன்,
தொட்டது அன்றுதான்.
எண் நடுங்கியது.
"உங்கள் கைதான். அழுத்திப் பிடியுங்கள்.
இது ஏறினால் அது இறங்கும்."
அதற்கு ஒரு பெயர் உண்டு என்றேன்.
"இருக்கட்டும்" என்றான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்.
ஏன் ஊதுகின்றன, உள்ளே என்ன வாயு என்று
நான் பேச்சுவாக்கில் தொடங்கியபோது
சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.
அந்தக் கைகள் அதைச் சொல்லியிருக்கவில்லை.
"திரும்பச் சொல்லுங்கள்" என்றான்.
சொன்னேன்.

கட்டணத்தில் ஒரு சோம்கூடக் குறைக்கவில்லை.
ரசீதில் என் பெயரைத் தப்பாக எழுதினான்.
சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது.
இருந்தது.

வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், படமெடுத்தார்கள், போனார்கள்.
அன்று நான் அலமாரியைப் பூட்டவில்லை.

மூன்றாம் நாள் டோல்குனாய் ஒன்றைக் கீழே போட்டாள்,
வியாழனின் நிலவுகளை
மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காட்டப்போய்.
மூலையிலிருந்து ஓடியது விரிசல்.
நிலவுகள் இன்னும் தெரிந்தன.
அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

பேரேட்டை எடுத்தேன்.
மேலே, பதினொன்றுக்கு நேரே,
சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன்.
அதன் கீழே
எண்ணிக்கை: ஒன்று.
காரணம்:
பயன்பாடு.