பல்லால் கேட்பது

பதினாலு கொண்டை ஊசி இறங்கி
ஏலகிரியிலிருந்து வந்திருக்கிறது,
டாடா ஏஸ் முதுகில்,
கயிறு போட்டுக் கட்டின பன்றி மாதிரி,
நாலு தடிச்சக்கரமும் செம்மண்ணுமாக.
டூ ஸ்ட்ரோக். எந்த நாட்டில் பிறந்ததோ,
டேங்கில் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு
‘குணசீலன் அட்வென்ச்சர்ஸ்’ என்று ஸ்டிக்கர்.

“இன்னாமோ கத்துதுப்பா” என்றார் குணசீலன்.
“ஜோலார்பேட்டையில கிராங்க் போச்சுன்னான்.
பதினெட்டாயிரம்.”
அவருக்குப் பின்னால் ஓட்டுகிற பையன் வேடியப்பன்,
தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டு.

கத்துது என்பது நோயின் பெயர் அல்ல.
குளிரில் கத்தி, சூட்டில் அடங்கினால்
பிஸ்டன் தொளதொளத்திருக்கிறது;
இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்.
கிளட்ச் அழுத்தியதும் நின்றால் கிளட்ச்தான்.
மேட்டில் மட்டும் கோலிக்குண்டு கொட்டினாற்போல் கிணுங்கினால்
எங்கோ காற்றைத் திருடிக் குடிக்கிறது.
சைலென்சர் போல்ட் ஒன்று கழன்றாலும்
ராஜ்யம் கவிழ்கிற மாதிரி கேட்கும்,
அதற்குக் காசு வாங்கவே கூச்சம்.

எனக்கு இடது காது இல்லை.
இருக்கிறது, கண்ணாடி மாட்ட.
லாரி டயர் வெடித்த அன்று போனது.
பெரிய ஆஸ்பத்திரியில், வங்காளக் கூட்டத்துக்கு நடுவில்
டோக்கன் இருநூற்றுப் பதினொன்று.
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள்.
வெகுநேரம் அமுக்காமலே இருந்தேன்.
பிறகு அந்த டாக்டரம்மா
ஒரு இரும்புக் கவையைத் தட்டி
காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார்.
வந்தது.
உள்ளே, தாடை வரைக்கும்.
“பறைதான் கிழிஞ்சிருக்கு, நரம்பு நல்லாருக்கு.”

அன்றிலிருந்து இப்படித்தான்:
முழ நீள ஸ்க்ரூடிரைவர்,
முனை எஞ்சினில், பிடி என் பல்லில்.
காகிதப்பட்டறையில் சிரிக்காதவர் கிடையாது.

உதைத்தேன். கிரடக் கிரடக் கிரடக்.
கிளட்ச் அழுத்தினேன், நிற்கவில்லை.
கார்புரேட்டர் கழுத்தில் ஸ்ப்ரே அடித்தேன்,
ஓட்டம் மாறவில்லை.
சூடேற ஏறக் குறையவுமில்லை,
நெருங்கி வந்தது.
கிராங்க் பக்கம் முனையை வைத்தால்
வெறும் உருளல், தாடைக்கு இதமாக.
சிலிண்டர் மேலே நகர்த்தினேன்.
கடைவாய்ப் பல்லில் தந்தி அடித்தது.
பிஸ்டன் பின் பேரிங்,
ஊசி ஊசியாக அடுக்கியிருக்குமே, அது.
எண்ணெய் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிய சத்தம்.

டேங்கைத் திறந்து விரலை நனைத்துத் தேய்த்தேன்.
வழுக்கவில்லை. நீலமும் இல்லை.
“எவ்ளோடா ஆயில் ஊத்தறே?”
திருட்டுப் பயல் என்று முடிவு கட்டித்தான் கேட்டேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பையன் முதலாளியைப் பார்த்தான்.
“அண்ணன் தர்றது வாரத்துக்கு ஒரு டப்பா.
நாலு வண்டி.”

குணசீலன் ஆரம்பித்தார்:
இவனுக்கு ஓட்டத் தெரியாது, மேட்டுல முறுக்கறான்,
மலைமேல பொறந்த பசங்களுக்கு மெசினப் பத்தி
“சார், இதக் கொஞ்சம் கடிங்க.”

பிடியை வேட்டியில் துடைத்துத்தான் கொடுத்தேன்.
கடித்தார்.
நானே முனையைச் சிலிண்டரில் ஊன்றினேன்.
புருவம் இரண்டும் மேலே போயின.
ஆக்ஸிலேட்டரை ஒரு சுற்று கொடுத்தேன்,
இன்னொரு சுற்று.
வாயில் பிடி இருக்கிறவரை பேச்சு இல்லை.
தேவைக்கு மேல் அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்தேன்.

கிராங்க் நன்றாயிருக்கிறது.
பேரிங் முந்நூற்று இருபது, கூலி எழுநூறு.
கூலியில் நூறு குறைக்கச் சொன்னார், குறைக்கவில்லை.

எதிர் மெடிக்கல்ஸில் இருமல் மருந்து அளக்கிற
பிளாஸ்டிக் மூடி ஒன்று கேட்டு வாங்கினேன்,
பத்து மில்லிக்குக் கோடு போட்டது.
“லிட்டருக்கு மூணு” என்று வேடியப்பனிடம் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்தான்.
சட்டைப் பையில் போட்டு,
பொத்தானை மாட்டினான்.