படத்தில் ஒன்றுமில்லை

ஜூன் மாதக் குளிரில், உம்கெனி பாலத்துக்கு இப்பால்
ஒரு டாக்சி எங்கள் காரை இடித்து நிறுத்தியது.
கண்ணாடிகூட உடையவில்லை.
தவநேசனின் தலை மட்டும்
ஒருமுறை முன்னே போய்த் திரும்பி வந்தது.
வந்தது தலைதான்.

ஸ்கேன் எடுத்தார்கள்.
மின்வெட்டு. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க
இளம் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்:
அக்ரூட் பருப்பை நறுக்கி அடுக்கியதுபோல்
சாம்பலும் வெள்ளையுமாய்த் துண்டு துண்டாக.
படத்தில் ஒன்றுமில்லை, கூட்டிப் போங்கள்.

கூட்டிப் போனேன்.

டர்பன் துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம்
கன்டெய்னர் எண்ணியவன்.
நாலு எழுத்தும் ஏழு இலக்கமும்
ஒரு பார்வையில் பிடித்து மாலைவரை வைத்திருப்பான்.
இப்போது குழாயைத் திறந்துவிட்டு
எதற்குத் திறந்தோம் என்று தண்ணீரைக் கேட்கிறான்.
வெளிச்சம் குத்துகிறதென்று
திரைச்சீலையை ஜன்னலோடு ஆணியடித்தான்.
சிக்னலுக்கு இந்த ஊரில் ரோபோ என்று பெயர்.
ரோபோ பச்சையானதும் பிரேக்கை மிதித்தான்.
பின்னால் அத்தனை ஹாரன்.
அன்று சாவியை வாங்கி வைத்தேன்.

ஓர் இரவு ரசத்தில் உப்பில்லை என்று
தட்டைச் சுவரில் எறிந்தான்.
பிறகு தரையில் உட்கார்ந்து
பருக்கைகளைப் பொறுக்கினான், எண்ணி எண்ணி.
முப்பதைத் தாண்டவில்லை.
மறுபடி ஒன்று.

அவன் அக்கா சொன்னாள், குடியாயிருக்கும்.
ஃபோர்மன் சொன்னார், இன்ஷூரன்ஸுக்கு நடிப்பு.
இருவரும் நீட்டியது அதே ரிப்போர்ட்டை.
நானும் ஒருநாள், சொல்லிவிடுகிறேன்,
அவன் தூங்கும்போது முகத்தருகே டார்ச் அடித்து
நடிக்கிறானா என்று பார்த்தேன்.

ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம்.
ஆஸ்பத்திரி மாடியில் ஃப்ரிஜ் அளவில் ஒரு மெஷின்,
அதன்மேல் யாரோ மறந்த டிபன் டப்பா,
காதில் பேனா செருகிய நோக்வாண்டா.
சாவுபோனா, என்றாள்.
ஸூலுவில் அது வணக்கம்,
உன்னைப் பார்த்தேன் என்று அர்த்தம்.
தமிழ்க் காதுக்கு அது சாவு போன கதை.
பிறந்ததிலிருந்து கேட்கிற சொல்,
அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.
நிறுத்த முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு சின்னக் குப்பி ரத்தம்.
மூளைக்குள் நரம்பிழை முறிந்தால்
அதன் உள்ளெலும்பின் தூள்
ரத்தத்தில் மாதக்கணக்காய் மிதக்குமாம்.
அந்தப் பெரிய படத்துக்கு எட்டாத தூள்.
தேர் போன வீதியில்
வடத்தின் நார் கிடக்கும் அல்லவா,
அப்படி என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் எண் வந்தது.
இருக்கவேண்டியதைப்போல் நாலு மடங்கு.
இது ஆராய்ச்சிதான், கோர்ட்டில் செல்லாது,
இதற்கென்று மாத்திரையும் கிடையாது என்று
நோக்வாண்டா சொல்லிக்கொண்டே போனாள்.
எனக்குள் குலவைச் சத்தம்.
இருக்கிறது! அடிபட்டுத்தான் இருக்கிறது!
கும்பிடக் கை தூக்கிய பிறகுதான்
பக்கத்து நாற்காலி நினைவுக்கு வந்தது.
தன் மூளை உடைந்ததற்கு
மனைவி பூரித்துப்போவதை
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்ப நான் பொய் சொல்லலை, என்றான்
மெதுவாக.
அவனுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது.

சிகிச்சை என்று தந்தது ஒரு தாள்.
நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டாமல்
தினம் இருபது நிமிடம் நடை.
தலை வலித்தால் நிறுத்து. நாளைக்கு மறுபடி.
இத்தனை மாடி ஏறி
இவ்வளவு சின்ன மருந்து.

வெயில் தாழ்ந்தபின் கடற்கரையில் நடக்கிறோம்,
கடிகாரம் கட்டிய அவன் கை என் கைக்குள்.
துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள்
வெளியே நங்கூரத்தில்.
எண்ணு என்று நான் சொல்லவில்லை.
அவனே தொடங்கினான். ஏழு, என்றான்.
எனக்கு எட்டு வந்தது.
கடைசி ஒன்று ரொம்பத் தூரத்தில்.
மேகமாகவும் இருக்கலாம்.