நூற்றெண்பது சென்டிமீட்டர்

ருவிக்கும் ஹம்ரியாவுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம்.
நகராட்சிக் கோப்பில் எண் உண்டு, பெயரில்லை.
ஒரு பக்கம் வறண்ட வாதி,
மறுபக்கம் முனகிக்கொண்டே இருக்கும் மின்மாற்றி அறை.
"எல்லா வயதினரும் கூடும் இடம்" என்று
என் மேசைக்கு வந்து சேர்ந்தது.
நான் வரைபடம் போடுபவள்.
எல்லா வயதினரும் என்றால் யார் யாரென்று
தாளில் இல்லை.

போய்ப் பார்த்தேன்,
சாக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு.
ஜூன் மாதம், அதிலும் பகலில்.
புத்தியுள்ளவர் செய்கிற காரியமில்லை.

உச்சிப்பொழுதில் என் நிழல்
என் செருப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
பன்னிரண்டே முக்காலுக்கு
மின்மாற்றி அறையின் கிழக்குச் சுவரடியில்
ஒரு முழ நிழல் முளைத்தது.
வெயில் நேர ஓய்வுக்கு வேலையை நிறுத்திவிட்டு
மொஃபிஸுலும் மூன்று பேரும் வந்தார்கள்.
ஒரு முழத்தில் நான்கு பேர்,
ஒருக்களித்து, ஒருவர் காலடியில் ஒருவர் தலை,
அட்டைப்பெட்டி விரித்து.
நான் நிழலின் விளிம்பில் கோடு கிழித்தேன்.
இரண்டு மணிக்கு இன்னொரு கோடு.
நான்கு மணிக்கு மற்றொன்று.

நிழல் நீள நீள ஆள் மாறியது.
மாரிசெல் வந்தாள், பிறர் வீட்டு இரட்டைக் குழந்தைகளோடும்
தன் பிள்ளையின் முகம் தெரியும் கைப்பேசியோடும்.
பிறகு மட்டையும் டேப் சுற்றிய பந்துமாகப் பையன்கள்.
இஷா தொழுகை முடிந்து ஹம்தான் அண்டாவைக் கவிழ்த்தார்,
அதுதான் டோமினோ மேசை.
பதினொரு மணிக்கு ஒருத்தி
கடைச் சீருடையில், வேகமாக,
விளக்கில்லாத பக்கத்தை விட்டு விலகி நடந்தாள்.
அவள் நிற்கவேயில்லை.
அவளையும் எழுதிக்கொண்டேன்.

மரம் வைக்கத் தண்ணீர் எங்கே என்றார்கள்.
ஏசிக் குழாய் ஒன்றின் கீழ் வாளி வைத்தேன்.
ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொம்பு.
அந்தத் தெருவில் அறுபத்திரண்டு குழாய்கள்,
எல்லாம் நடைபாதைக்கும் நம் தலைக்கும் ஊற்றிக்கொண்டிருக்கின்றன.
கடல் காற்றின் ஈரம் பாதி,
மீதி நாங்கள் மூச்சுவிட்டது, வேர்த்தது,
குக்கரில் விசில் விட்டது.
அதைச் சிறு ஃபலஜாக வெட்டி
மூன்று காஃப் மரங்களுக்கும் ஓர் இலந்தைக்கும்
முறை வைத்துப் பாய்ச்சலாம் என்று எழுதினேன்.

வாதிப் பக்கம் எதுவும் வரையவில்லை.
சுவரில் கறை இருக்கிறது, என் மார்பளவு.
மழை வந்தால் அது கேட்டுக்கொண்டு வராது.
அதற்கும் இங்கே வயது உண்டு,
எங்கள் எல்லோரையும்விட மூத்தது,
வழி விட்டேன்.

கூட்டத்தில் ஆலோசகர் சொன்னார்:
"பெஞ்சு நடுவில் கைப்பிடி வையுங்கள்."
எதற்கு?
"இல்லையென்றால் படுத்துவிடுவார்கள்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏசி மட்டும் பேசியது.

அன்றிரவு கைப்பிடிகளை அழித்தேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்:
'துருப்பிடிக்கும். பராமரிப்புச் செலவு அதிகம்.'
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

பொறியாளர் மதீஹா அல்-பலூஷி
தாளைப் பார்த்தபடியே கேட்டார்:
"நீளம் நூற்றெண்பதா?"
ஆமாம்.
"நான்கு பேர் உட்காரத்தானே?"
நான்கு பேர் உட்காரத்தான்.
"மொஃபிஸுல் எவ்வளவு உயரம்?"
என் களக்குறிப்பைப் படித்திருக்கிறார்.
நூற்றறுபத்தெட்டு, என்றேன்.
கையெழுத்திட்டார். பேனாவை மூடினார்.
அடுத்த கோப்பை இழுத்தார்.

இன்னும் கட்டவில்லை.
பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் என்கிறார்கள்,
அதற்கடுத்ததாகவும் இருக்கலாம்.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
இரண்டு மணிக் கோடு அழிந்திருந்தது.
நான்கு மணிக் கோட்டின் மேல்
யாரோ புதிதாகச் சாக்கட்டி தேய்த்திருந்தார்கள்.
அதுதான் இப்போது பந்தடிப்பவன் நிற்கும் கோடு.
ஒரு பையன் என்னை அதட்டினான்,
"அக்கா, கோட்டை மிதிக்காதீங்க."

ஐந்தாம் திருத்தத்தில்
அந்த இடத்தில் பெஞ்சு கிடையாது.