இருபது நிமிடம்

எழுபத்தொன்பதில் லெனின்கிராடில் செய்தது.
பழைய டார்ச் என்று நினைத்து
மூர் மார்க்கெட்டில் நானூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டான் ஒருவன்.
இப்போது சத்துவாச்சாரியில், இரண்டாம் மாடியில்,
நான்கு மெத்தைகளை நிறுத்தி நான் கட்டிய அறையில்
நின்றுகொண்டிருக்கிறது.

மின்பெட்டியில் ஏழு எழுத்து.
முதல் எழுத்து, நம் ப-வைக் கவிழ்த்து வைத்ததுபோல்.
அதன் ஒலியும் ப தானாம்.
முழுச் சொல்லையும் போனில் காட்டினேன்.
உணவு என்றது.

சரிதான்.
இழைக்கு ஆறு வோல்ட்டும் கொசுறும்,
தகட்டுக்கு நூற்றிருபது.
கூடினால் கருகும், குறைந்தால் முனகும்.
பத்தியச் சோறு.

பாலாற்றில் தண்ணீர் இல்லை என்கிறார்கள்.
நவம்பரில் அது காற்றில் இருக்கிறது,
ஹெட்போனைப் போட்டால் கேட்கும்,
எண்ணெயில் கடுகு பொரிவதுபோல்.
ஷாகிரா ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பேக்கிங்.
‘தின்னாதே’ என்று அச்சடித்த சிலிகா பொட்டலங்களைக்
கைப்பையில் அள்ளிவருவாள்.
இத்தாலிக்காரன் ஷூ கொஞ்சம் பூத்தால் பூக்கட்டும்டி.
தோசைக்கல்லில் வறுத்து, ஆறவிட்டு
மைக் பெட்டிக்குள் வைக்கிறேன்.

உள்ளே கண்ணாடிக் குழலுக்குள் ஒரு மின்தடை,
விரல் பட்ட பிசுக்கு போதும், ஒழுகத் தொடங்கிவிடும்.
ஆஸ்பத்திரி எதிரே மருந்துக்கடையில் ஸ்பிரிட் கேட்டேன்.
எந்த இடத்துல புண்ணு என்றார் கடைக்காரர்.
தங்கம் பூசிய சவ்வைமட்டும்
இதுவரை நான் தொட்டதில்லை.
அதன் எதிரே குனிந்தால்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

காந்தி ரோடு லாட்ஜிலிருந்து
ஹரிபத தேப்நாத் வந்தார், மனைவி மினோதியோடு.
திரிபுராவில் தர்மநகர், மீன் வியாபாரம்.
வியாழக்கிழமை குரல்வளையை எடுக்கிறார்கள்.
அதற்குள் குரலைப் பிடித்துத் தர முடியுமா,
எவ்வளவு ஆகும்.

சுவிட்சைப் போட்டேன். பேசுங்கள் என்று சொல்லவில்லை.
வால்வு சூடாக இருபது நிமிடம்.
என் இந்தி பாதி, மினோதியின் இந்தி பாதி.
மின்விசிறி ஓடக்கூடாது.
மூவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவருக்கு ஒன்றும் வரவில்லை.
பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார்.
மகளுக்கு ஏதாவது, என்றாள் மினோதி.
தலையை ஆட்டினார்.
பழுத்துக் கரகரத்த தொண்டையைச் செருமி
எழுந்து நின்று
கூவினார்.

ரூய்! காத்லா! பாப்தா! டேங்ரா!

முள் சிவப்புக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது.
வால்வு கிழிந்த தகரம்போல் அலறியது.
ஓடிப்போய்ப் பத்து டெசிபெல் குறைத்தேன்,
இரண்டடி தள்ளி நிற்கவைத்தேன்.
மினோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
சிரித்தாள், அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது.
எட்டு மீன், எட்டு விலை.
ஏழாவதில் கரண்ட் போனது.
லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது.
குரல் உடனே போய்விடவில்லை,
பெட்டியில் மிச்சமிருந்த சோற்றைத் தின்றபடி
மூன்று நொடி மெலிந்து, பிறகு நின்றது.

மறுபடி எடுக்கலாமா என்றேன்.
சந்தைக்கு அது போதும் என்றார்.

ஐந்து வாரம் கழித்து வந்தார்கள்.
கழுத்தில் துளை, அதன்மேல் வெள்ளை வலைத்துணி.
பென் டிரைவை மினோதி சட்டைசெய்யவில்லை.
மைக்கைக் காட்டினாள்.
ஊருக்குப் போனால் இனி கூவப்போவது அவள்தானாம்,
எப்படி இருக்கிறதென்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

அவர் மைக்கின் உடம்பில் கைவைத்தார்.
இன்னும் சூடாகவில்லை என்று
விரலால் எனக்குச் சொன்னார்.

உட்கார்ந்தோம்.

ரூய், காத்லா, என்று தொடங்கினாள் அவள்,
கூச்சத்தோடு, பால்காரனைக் கூப்பிடும் குரலில்.
டேங்ராவை முன்னால் சொல்லிவிட்டாள்.
மேசையில் ஓங்கி ஒரு அடி.
முள் சிவப்புக்கு ஓடியது.